மத விகிதம் மாறுவது எப்படி? சென்சஸ் எண்களைப் படிக்கத் தெரிந்துகொள்வோம்

1951 சென்சஸில் இந்திய மக்கள்தொகையில் இந்துக்களின் பங்கு 84.1 சதவீதம். 2011-இல் 79.8. அதே அறுபது ஆண்டுகளில் முஸ்லிம்களின் பங்கு 9.8-இலிருந்து 14.2 ஆனது. கிறிஸ்தவர்கள் 1951-இலும் 2.3 சதவீதம், 2011-இலும் 2.3 சதவீதம். இந்த ஆறு எண்களை வைத்துக்கொண்டு நடக்கும் சண்டைக்கு அளவே கிடையாது. ஒரு தரப்பு மதமாற்றம் என்கிறது. இன்னொரு தரப்பு ஊடுருவல் என்கிறது. மூன்றாவது தரப்பு எண்களே பொய் என்று எழுந்து போய்விடுகிறது.

எண்கள் பொய்யில்லை. ஆனால் ஒரு பங்கு ஏன் கூடியது, ஏன் குறைந்தது என்று அந்த எண் தானாகச் சொல்லிவிடாது. அதைத் தனியே கணக்குப் போட்டுத்தான் பிரித்தெடுக்க வேண்டும். பள்ளிக்கூடக் கணக்கு தெரிந்தால் போதும்.

## தமிழ் மீடியம், இங்கிலீஷ் மீடியம்

ஒரு பள்ளியில் தமிழ் மீடியத்தில் 800 பிள்ளைகள், இங்கிலீஷ் மீடியத்தில் 200. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் இங்கிலீஷ் மீடியத்தின் பங்கு 20 சதவீதத்திலிருந்து 25 ஆகியிருக்கிறது. "எல்லாரும் மீடியம் மாறுகிறார்கள்" என்று முடிவு கட்டிவிடலாமா?

முடியாது. ஒன்றாம் வகுப்பில் இங்கிலீஷ் மீடியத்துக்குச் சேர்க்கை அதிகமாக இருந்திருக்கலாம். தமிழ் மீடியத்தில் பன்னிரண்டாம் வகுப்பு பெரியதாக இருந்து, அவர்கள் மொத்தமாகப் படிப்பை முடித்து வெளியே போயிருக்கலாம். வேறு பள்ளியிலிருந்து டி.சி. வாங்கிக்கொண்டு வந்தவர்கள் ஒரே பக்கம் சேர்ந்திருக்கலாம். நடுவில் சிலர் மீடியம் மாறியும் இருக்கலாம். இது எதுவுமே நடக்காமல், இரண்டு மீடியத்திலும் கலந்து படிக்கும் ஒரு வகுப்பைப் பதிவேட்டில் எந்தப் பக்கம் எழுதுவது என்ற முறை மட்டும் மாறியிருக்கலாம்.

ஒரு நாட்டின் மத விகிதமும் இந்த ஐந்து வழிகளில்தான் மாறும்: பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு, மதமாற்றம், பதிவு செய்யும் முறை. விவாதங்களில் நான்காவது மட்டும்தான் அடிபடுகிறது. இந்தியாவைப் பொறுத்தவரை முதலாவதுக்குத்தான் எடை அதிகம்.

## பங்கு வேறு, எண்ணிக்கை வேறு, வேகம் வேறு

2001-க்கும் 2011-க்கும் இடையில் இந்துக்களின் பங்கு 80.5-இலிருந்து 79.8 சதவீதமாகக் குறைந்தது. அதே பத்தாண்டில் இந்துக்களின் எண்ணிக்கை 82.8 கோடியிலிருந்து 96.6 கோடியானது. கிட்டத்தட்ட 14 கோடி கூடுதல். முஸ்லிம்கள் 13.8 கோடியிலிருந்து 17.2 கோடியானார்கள், கூடுதல் 3.4 கோடி. "குறைகிறது" என்று ஒருவர் சொன்னால் பங்கா, எண்ணிக்கையா என்று கேளுங்கள். பாதி வாக்குவாதம் அங்கேயே அடங்கிவிடும்.

வேகத்துக்குப் பத்தாண்டு வளர்ச்சி விகிதம் என்று பெயர். ஒரு சென்சஸிலிருந்து அடுத்ததற்குள் ஒரு சமூகம் எத்தனை சதவீதம் பெருகியது என்பதே அது. 2001–2011-இல் நாட்டின் மொத்த வேகம் 17.7 சதவீதம். இந்துக்கள் 16.8, முஸ்லிம்கள் 24.6, கிறிஸ்தவர்கள் 15.5, சீக்கியர்கள் 8.4, பௌத்தர்கள் 6.1, சமணர்கள் 5.4. நாட்டின் சராசரியைவிட மெதுவாக வளரும் சமூகத்தின் பங்கு, அதிலிருந்து ஒருவர்கூட வெளியேறாமலே குறையும். மதமாற்றத்தால் பெருகுவதாக அதிகம் பேசப்படும் கிறிஸ்தவர்கள் அந்தப் பத்தாண்டில் சராசரிக்கும் கீழே இருந்தார்கள் என்பதையும் கவனியுங்கள்.

## பிறப்பு: கணக்கின் பெரும்பகுதி இங்கே

ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை குழந்தைகள் பெறுகிறார் என்பது மொத்தக் கருவள விகிதம். இது 2.1 அளவில் இருந்தால் ஒரு தலைமுறை தன்னைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும். அந்த அளவுக்குப் பதிலீட்டு நிலை என்று பெயர்.

தேசியக் குடும்பநல ஆய்வின் முதல் சுற்றில், 1992-93-இல், இந்துப் பெண்களுக்கு 3.3, முஸ்லிம் பெண்களுக்கு 4.4. இடைவெளி ஒரு குழந்தைக்கும் மேல். 2019-21 சுற்றில் இந்துக்களுக்கு 1.94, முஸ்லிம்களுக்கு 2.36. இடைவெளி அரைக் குழந்தைக்கும் கீழே வந்துவிட்டது. இரண்டு பக்கமும் இறங்கியது. அதிகம் இருந்த பக்கம் அதிகமாக இறங்கியது. கிறிஸ்தவர்களுக்கு 1.88.

இதை மதத்தின் குணம் என்று எடுத்துக்கொள்வது இன்னொரு பெரிய தவறு. அதே 2019-21 ஆய்வில் பீகார் இந்துக்களின் விகிதம் 2.9-ஐ ஒட்டி இருக்கிறது. கேரள முஸ்லிம்களின் விகிதம் 2.3-ஐ ஒட்டி. பெண் எத்தனை வகுப்பு படித்தார், எந்த வயதில் கல்யாணம் ஆனது, பக்கத்தில் ஒழுங்காக நடக்கும் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறதா என்பவை குழந்தைகளின் எண்ணிக்கையை வலுவாகத் தீர்மானிக்கின்றன. வடக்கு, தெற்கு என்ற வித்தியாசம் பல நேரம் மத வித்தியாசத்தைவிடப் பெரியது.

கருவள விகிதம் 2.1-க்கு வந்த மறுநாளே மக்கள்தொகை நின்றுவிடாது. ஒரு சமூகத்தில் இளம்வயதினர் அதிகம் என்றால் குழந்தை பெறும் வயதில் இருப்பவர்களும் அதிகம், இறக்கும் வயதில் இருப்பவர்கள் குறைவு. ஆளுக்கு இரண்டே குழந்தை என்றாலும் கொஞ்ச காலத்துக்குக் கூட்டம் பெருகத்தான் செய்யும். இது மக்கள்தொகை உந்தம். 2020 மதிப்பீட்டின்படி இந்திய முஸ்லிம்களின் நடுவயது 24, இந்துக்களுக்கு 29, கிறிஸ்தவர்களுக்கு 31. நடுவயது என்றால், பாதிப் பேர் அதற்குக் கீழே, பாதிப் பேர் அதற்கு மேலே. இந்த ஐந்து வயது வித்தியாசம் இன்னும் ஒன்றிரண்டு தலைமுறைக்குப் பங்கை மெல்ல நகர்த்திக்கொண்டிருக்கும்.

"இதே வேகத்தில் போனால் எப்போது சமமாகும்?" என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. சரி, போட்டே பார்ப்போம். 2001–2011 வேகம் கொஞ்சமும் மாறாமல் தொடர்ந்தால் இந்துக்கள், முஸ்லிம்கள் இரண்டு எண்ணிக்கையும் சமமாக ஏறக்குறைய 270 ஆண்டுகள் ஆகும். அன்று ஒவ்வொரு பக்கமும் 6,100 கோடி பேர் இருப்பார்கள். இந்தியாவில் மட்டும் 12,000 கோடிக்கும் மேல்! இன்று உலகத்தில் உள்ளவர்களையெல்லாம் சேர்த்தாலே 800 கோடிச் சொச்சம்தான். விடை அபத்தமாக வருவதற்குக் காரணம், வேகம் மாறாது என்ற அனுமானம். அந்த வேகமோ ஒவ்வொரு சுற்றிலும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. வயதமைப்பையும் கருவளச் சரிவையும் சேர்த்து அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் போட்ட கணிப்பு, 2050-இல் இந்துக்கள் 77 சதவீதம், முஸ்லிம்கள் 18 சதவீதம் என்கிறது.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியது: யாரும் மதம் மாறாவிட்டாலும் பங்கு மாறும். குழந்தைகளின் எண்ணிக்கையும் வயதமைப்பும் போதும்.

## இடப்பெயர்வு

இது சில நேரங்களில் எல்லாவற்றையும் புரட்டிப் போடும். டெல்லியில் 1941-இல் மூன்றில் ஒருவர் முஸ்லிம். 1951-இல் அது 6 சதவீதத்துக்கும் கீழ். கராச்சியில் 1941-இல் மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்துக்கள்; பத்தே ஆண்டில் 2 சதவீதத்தை ஒட்டி. இரண்டு நகரத்திலும் நடந்தது பிரிவினை.

அதற்குப் பிறகு நாட்டளவில் இதன் எடை குறைவு. இந்தியாவில் வசிப்பவர்களில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவிலேயே பிறந்தவர்கள். எல்லையோர மாவட்டங்களில் கதை வேறாக இருக்கலாம், ஆனால் மாவட்டக் கணக்கை நாட்டுக் கணக்காக நீட்டக் கூடாது.

## மதமாற்றம்: எண்ணில் எப்படித் தெரியும்?

மதம் மாறுபவர்கள் உண்டு. சில இடங்களில் பெரிய அளவிலேயே உண்டு. அது பிறப்பா, மாற்றமா என்று பிரிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. வெளியிலிருந்து யாரும் வராமல், பிறப்பால் மட்டும் ஒரு சமூகம் ஆண்டுக்கு 3.5 முதல் 4 சதவீதம் வரைதான் வளர முடியும். அதுவே மிக மிக அதிகபட்சம். பத்தாண்டில் 40 முதல் 48 சதவீதம் வரை. அதைத் தாண்டினால் வேறு ஏதோ நடந்திருக்கிறது.

இந்தியப் பௌத்தர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1951-இல் நாடு முழுவதும் சுமார் 1.8 லட்சம் பேர். 1961-இல் 32 லட்சத்துக்கும் மேல். எந்தச் சமூகமும் பத்தாண்டில் இத்தனை மடங்கு பிள்ளை பெற முடியாது. இடையில், 1956 அக்டோபர் 14-இல், நாக்பூரில் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். வரைபடத்தில் அந்த நாள் செங்குத்துக் கோடாக நிற்கும்.

அருணாசலப் பிரதேசம் இன்னொரு வகை. அங்கே கிறிஸ்தவர்கள் 1971-இல் ஒரு சதவீதம்கூட இல்லை. 1991-இல் 10.3, 2001-இல் 18.7, 2011-இல் 30.3. கடைசிப் பத்தாண்டில் மட்டும் 2.06 லட்சம் 4.19 லட்சமானது, இரு மடங்குக்கும் மேல். இங்கே குறையும் பக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் பழங்குடிகளின் பூர்வ சமயங்கள். மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் அந்த மாநிலத்தில் 1978-இலேயே வந்துவிட்டது என்பது தனிக் கூத்து.

இப்போது அதே அளவுகோலை நாட்டளவில் வைத்துப் பாருங்கள். முஸ்லிம்களின் 24.6 சதவீதம் என்பது ஆண்டுக்கு 2.2 சதவீதம். பிறப்பின் எல்லைக்குள் வசதியாக அடங்குகிறது. அவர்களின் கருவள விகிதத்தோடும் பொருந்துகிறது. விளக்குவதற்கு மிச்சம் எதுவும் இல்லை.

நேரடியாகக் கேட்ட ஆய்வும் உண்டு. 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் பியூ மையம் ஏறக்குறைய 30,000 பேரிடம் இரண்டு கேள்விகள் கேட்டது: எந்த மதத்தில் வளர்ந்தீர்கள், இப்போது எந்த மதம்? 98 சதவீதத்தினர் இரண்டுக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். இந்துவாக வளர்ந்து விலகியவர்கள் 0.7 சதவீதம், வேறாக வளர்ந்து இப்போது இந்து என்பவர்கள் 0.8 சதவீதம். போனதும் வந்ததும் கழிந்து மிஞ்சுவதே நிகர மாற்றம். இங்கே அது ஏறக்குறைய பூஜ்யம். கிறிஸ்தவத்தில் மட்டும் வரவு சற்று அதிகம்: இந்துவாக வளர்ந்து கிறிஸ்தவரானவர்கள் பெரியவர்களில் 0.4 சதவீதம். அதுவும் குறைந்த கருவளத்தால் ஈடாகி, பங்கு 2.3-இலேயே நிற்கிறது.

பிறகு ஏன் மதமாற்றம் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது? அது செய்தியாவதால். 1981 பிப்ரவரியில் அன்றைய திருநெல்வேலி மாவட்டம் மீனாட்சிபுரத்தில், சாதிக் கொடுமை தாங்காமல் பட்டியல் சாதிக் குடும்பங்கள் கூட்டமாக இஸ்லாம் தழுவின. டெல்லி வரை அதிர்ந்தது. ஆயிரம் பேர் என்றே வைத்துக்கொள்வோம்: அன்றைய தமிழ்நாட்டின் 4.84 கோடி மக்கள்தொகையில் அது 0.002 சதவீதம். மத அட்டவணையில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது. அந்த நிகழ்ச்சிக்கு முக்கியத்துவம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அதன் முக்கியத்துவம் சாதியைப் பற்றியது. மக்கள்தொகை விகிதத்தைப் பற்றியது அல்ல.

சுருக்கம்: பத்தாண்டில் 50 சதவீதத்துக்கு மேல் வளர்ச்சி என்றால் மதமாற்றத்தையோ இடப்பெயர்வையோ தேடுங்கள். அதற்குக் கீழே என்றால் முதலில் கருவள விகிதத்தைப் பாருங்கள்.

## படிவத்தில் என்ன எழுதப்படுகிறது?

சென்சஸ் நம்பிக்கையை அளப்பதில்லை. சொன்ன பதிலை எழுதிக்கொள்கிறது. பெரும்பாலும் குடும்பத் தலைவரோ வீட்டில் இருக்கும் ஒருவரோ எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறார். கல்லூரிக்குப் போயிருக்கும் மகன் கடவுள் மறுப்பாளர் என்பது அப்பாவுக்குத் தெரிந்தாலும் படிவத்துக்கு வராது.

2011 படிவத்தில் ஏழாவது கேள்வி மதம். இந்து 1, முஸ்லிம் 2, கிறிஸ்தவர் 3, சீக்கியர் 4, பௌத்தர் 5, சமணர் 6 என்று ஆறு குறியீடுகள். மற்ற மதம் என்றால் பெயரை முழுதாக எழுத வேண்டும், குறியீடு கிடையாது. நாடு முழுவதும் சுமார் 79 லட்சம் பேர் அந்த "மற்றவை"க்குள் வந்தார்கள். அதில் பாதிக்கும் மேல் தங்கள் பூர்வ சமயத்தை சர்னா என்று எழுதிய ஜார்க்கண்ட் வட்டாரப் பழங்குடியினர். சர்னாவுக்குத் தனிக் குறியீடு வேண்டும் என்பது அவர்களின் நீண்டகாலக் கோரிக்கை. அது கிடைத்தால், ஒருவர்கூடத் தன் வழிபாட்டை மாற்றாமலே அட்டவணை மாறும்.

அடுத்த கேள்வி பட்டியல் சாதி, பழங்குடி பற்றியது. பட்டியல் சாதியினர் இந்து, சீக்கிய, பௌத்த மதங்களில் மட்டுமே இருக்க முடியும் என்று படிவமே சொல்கிறது. இதன் வேர் 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை. முதலில் பெரும்பாலும் இந்துக்களுக்கே. 1956-இல் சீக்கியர்கள், 1990-இல் பௌத்தர்கள் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ மாறினால் அந்தத் தகுதி போய்விடும். எனவே ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போய்க்கொண்டே படிவத்தில் இந்து என்று சொல்லும் குடும்பங்கள் இருப்பதில் வியப்பில்லை. சான்றிதழ், இட ஒதுக்கீடு, பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கை எல்லாம் அந்த ஒரு சொல்லில் தொங்கும்போது ஜனங்கள் யோசித்துத்தான் பதில் சொல்வார்கள். பழங்குடியினருக்கு இந்தச் சிக்கல் இல்லை. எந்த மதத்தில் இருந்தாலும் தகுதி நிற்கும். அருணாசலத்தில் மாற்றம் படிவத்தில் பளிச்சென்று தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மதமே இல்லை என்பவர்கள்? 2011-இல் "மதம் குறிப்பிடவில்லை" என்பதில் சுமார் 29 லட்சம் பேர், 0.2 சதவீதம். நாத்திகர் என்று பதிவானவர்கள் நாடு முழுவதும் 33 ஆயிரம்தான். பெரியார் பிறந்த தமிழ்நாட்டில் சுமார் 1,300 பேர்! கறுப்புச் சட்டைக் கூட்டம் ஒன்றுக்கு வருபவர்களே அதைவிட அதிகமாக இருப்பார்கள். கேள்வி எப்படிப் போகிறதோ அப்படித்தான் விடை வரும்.

## வேறொரு வழியில் மாறிய நாடு

பெரும்பான்மையின் பங்கு இறங்குவது இந்தியாவில் மட்டும் நடப்பதில்லை. இங்கிலாந்து–வேல்ஸில் கிறிஸ்தவர்கள் 2001-இல் 71.7 சதவீதம், 2011-இல் 59.3, 2021-இல் 46.2. மதமில்லை என்றவர்கள் 14.8-இலிருந்து 37.2. இருபதே ஆண்டில் இவ்வளவு.

அங்கே முக்கியக் காரணம் பிறப்பு எண்ணிக்கை அல்ல. இன்னொரு மதத்துக்கு மாறியதும் அல்ல. பெற்றோரின் மதம் பிள்ளைகளுக்குக் கடத்தப்படாமல் போனதே காரணம். தேவாலயத்தில் கல்யாணம் செய்த தாத்தா இறக்கிறார். ஞானஸ்நானமே பெறாத பேரனுக்குப் பதினெட்டு வயதாகிறது. தனி ஆள் எவரும் மனம் மாறாமலே சமூகம் மாறிவிடுகிறது. இதற்குத் தலைமுறை மாற்றீடு என்று பெயர். 2021-இல் அங்கே கிறிஸ்தவர்களின் நடுவயது 51, மதமில்லாதவர்களுக்கு 32. மேலே சொன்ன உந்தம் இங்கே தலைகீழாக வேலை செய்கிறது. இதன் மேல் குடியேற்றம் சேர்ந்து, முஸ்லிம்கள் 6.5 சதவீதமும் இந்துக்கள் 1.7 சதவீதமும் ஆனார்கள்.

கேள்வியின் வேலை அங்கேயும் உண்டு. சென்சஸ் "உங்கள் மதம் என்ன?" என்று கேட்கிறது, ஏதோ ஒன்று இருப்பதாகவே அது எடுத்துக்கொள்கிறது. பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வு "ஏதாவது ஒரு மதத்தைச் சேர்ந்தவராக உங்களைக் கருதுகிறீர்களா?" என்று கேட்கிறது. அதில் 2018-லேயே 52 சதவீதம் பேர் இல்லை என்றார்கள். 2001-இல் ஒரு மின்னஞ்சல் பிரச்சாரத்தைப் பார்த்து 3.9 லட்சம் பேர் தங்கள் மதம் சினிமாவில் வரும் 'ஜெடாய்' என்று எழுதி வைத்ததும் உண்டு. புள்ளிவிவர அலுவலகம் அவர்களை மதமில்லாதவர்களோடு சேர்த்துவிட்டது.

## ஒப்பிடும்போது வழுக்கும் இடங்கள்

2004 செப்டம்பரில், 2001 சென்சஸின் மத அட்டவணை வந்தபோது, முஸ்லிம்களின் பத்தாண்டு வளர்ச்சி 36 சதவீதம் என்று தலைப்புச் செய்தி வந்தது. பெரிய அமளி. காரணம் எளிது: 1981-இல் அசாமிலும் 1991-இல் ஜம்மு காஷ்மீரிலும் சென்சஸ் எடுக்கவே இல்லை. 1991 கூட்டுத்தொகையில் காஷ்மீர் இல்லை, 2001-இல் இருக்கிறது. அந்த இரண்டு மாநிலங்களையும் எல்லா ஆண்டிலிருந்தும் நீக்கிக் கணக்கிட்டால் 29 சதவீதத்தை ஒட்டி வந்தது. முந்தைய பத்தாண்டைவிடக் குறைவு. வேகம் தணிந்திருந்தபோது கூடியதாக நாடே பேசியது.

இதே மாதிரி ஒரு குழப்பத்துக்கு இடம் இப்போதும் தயாராக இருக்கிறது. 2021 சென்சஸ் நடக்கவில்லை. அடுத்தது 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாகக் கொண்டு நடக்கும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் இடைவெளி பத்து ஆண்டு அல்ல, பதினாறு. ஆண்டுக்கு 1.5 சதவீதம் வளரும் சமூகம் பத்தாண்டில் 16 சதவீதம் கூடும்; பதினாறு ஆண்டில் 27 சதவீதம். பழைய பத்தாண்டு எண்ணுக்குப் பக்கத்தில் இதை வைத்தால் எல்லாச் சமூகமும் திடீரென்று வேகமெடுத்தது போலத் தெரியும். ஆண்டு விகிதமாக மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். 24.6 சதவீதம் என்ற அதே எண் பதினாறு ஆண்டுக்கு வந்தால், ஆண்டுக்கு 1.4 சதவீதம்தான், 2001–2011-இல் அது 2.2.